கட்டம் கட்டமாக வந்த திரையும் பாதியோடு நின்ற படங்களும்

"மாமா, ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா வருது, வந்து பாருங்க" என்று அக்கா மகன் கூப்பிட்டபோது கத்திரி தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. நான் போய் நிற்பதற்குள் திரை முழுக்கக் கறுத்து, இரண்டு மூன்று நொடி கழித்துத் தானாகவே திரும்பி வந்துவிட்டது. அவன் ஆடிக்கொண்டிருந்த கேம் மட்டும் மூடிப்போயிருந்தது. தான் எதையோ உடைத்துவிட்டோமோ என்று பையன் என் முகத்தையே பார்த்தான். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த வேலை முடிய ஏழு வாரம் ஆனது, ஒரே நேரத்தில் இரண்டு பாகம் கெட்டிருந்தது என்று புரிந்துகொள்ளவே அதில் பெரும்பகுதி போயிற்று. இதேபோல மாட்டிக்கொண்டு யாராவது தேடினால் கிடைக்கட்டும் என்றுதான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் மெஷினைப் பற்றி. 2020 ஊரடங்கு சமயத்தில் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 3400ஜி பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் தரும் பெட்டி). அந்தப் பிராசசரிலேயே வேகா 11 கிராபிக்ஸ் இருப்பதால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் இரண்டு வருடம் ஓட்டினேன், அப்போது கார்டு விற்ற விலையில் வாங்கவும் முடியாது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓடவிட்டுக் காசு சம்பாதிக்கும் மைனிங் முறையையே கைவிட்டது அல்லவா, அதற்கப்புறம் மைனிங்கில் ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் எல்லாம் செகண்ட் ஹேண்டில் கொட்டின. அந்த டிசம்பரில் 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் ஒன்று வாங்கிப் போட்டேன். மைனிங்கில் ஓடியதா என்று விற்றவரிடம் கேட்டேன், இல்லை என்றார், நானும் மேற்கொண்டு தோண்டவில்லை.

இன்னொரு விவரமும் முக்கியம். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. இங்கே ஜன்னல் கம்பி, கேட் கீல், சைக்கிள் செயின் எல்லாவற்றிலும் உப்புக் காற்று ஏறிவிடும், கம்ப்யூட்டருக்கு மட்டும் விலக்கு கிடையாது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்: என்ன தேதி, எத்தனை மணி, என்ன திறந்திருந்தது, திரையில் என்ன வந்தது. இதை முதல் நாளே செய்தது நல்லதாகப் போயிற்று. பத்து நாளில் ஒரு பக்கம் நிரம்பியது. கேம் ஆடும்போது வண்ணக் கட்டங்கள், கறுப்புத் திரை, விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் பார்த்தால் 4101 என்ற எண்ணோடு டிஸ்ப்ளே டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் தராமல் நின்று பிறகு மீண்டது என்ற செய்தி. இதன் பின்னணி எளிது. கார்டுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் 2 நொடி காத்திருக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரைத் தூக்கி மறுபடி ஏற்றும். நம் கண்ணுக்கு அது கறுத்துத் திரும்பும் திரையாகத் தெரிகிறது. மீளவே முடியாதபோது விண்டோஸே நின்றுபோய் நீலத்திரை வரும், அதில் வீடியோ டிடிஆர் (TDR, ரேமின் டிடிஆர்4 அல்ல) ஃபெயிலியர் என்று இருக்கும். அதுவும் ஒருமுறை வந்தது.

ஆனால் கேம் ஓடாதபோதும் நீலத்திரை வந்தது. ஒருநாள் பிரவுசர் மட்டும் திறந்திருந்தபோது மெமரி மேனேஜ்மென்ட் என்ற பிழை. மறுநாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. அதற்கடுத்து ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். இந்த மூன்றையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் மனசு முழுக்கக் கார்டின் மேல்தான் சந்தேகம். ஒரே டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் பிழையின் பெயர் மாறுகிறது, சம்பந்தமே இல்லாத புரோகிராம்கள் செத்து விழுகின்றன என்றால் ரேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது இன்று எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது.

அப்போது நான் செய்தது டிரைவரைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டது. சேஃப் மோடில் போய் டிடியு என்ற கருவியால் பழைய டிரைவரின் மிச்சம் மீதி எல்லாவற்றையும் துடைத்து, இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு (இல்லாவிட்டால் விண்டோஸ் தானே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்) புதியதை ஏற்றினேன். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மதியம் மறுபடி கட்டங்கள்.

அப்புறம் கார்டையே கழற்றினேன். சுவிட்சை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, முன்னாலுள்ள பவர் பட்டனை ஐந்தாறு நொடி அழுத்தி மிச்சக் கரண்ட்டை வடித்து, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டை விடுவித்து மெல்ல உருவினேன். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகி வேகாவில் ஓடவிட்டேன். கார்டுதான் காரணம் என்றால் இனி எதுவும் வரக்கூடாது.

வந்தது. அன்று இரவே நீலத்திரை. அதைவிடக் குழப்பியது, ஒருமுறை பூட் ஆகும்போது திரையின் கீழ்ப்பகுதியில் மெல்லிய பச்சைக் கோடுகள் ஓடின. கார்டே இல்லாத மெஷினில் திரைக் கோளாறு எப்படி வரும்? மதர்போர்டு போயிற்று என்றே முடிவுகட்டி விலைகூட விசாரித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது: வேகாவுக்குச் சொந்தமாக நினைவகம் கிடையாது, மெஷினின் ரேமிலிருந்தே ஒரு பங்கை எடுத்துத்தான் அது படம் வரைகிறது. என் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அந்தப் பங்கு 2 ஜிபி என்று வைத்திருந்தேன். அந்தப் பகுதியில் ரேம் பழுதாக இருந்தால் அது திரையில் கோடாகத்தான் தெரியும். உள்கிராபிக்ஸில் ஓடும் மெஷினில் திரை கெட்டால் ரேமையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டினேன், பிழை எதுவும் இல்லை என்று சொன்னது. அதை நம்பி விட்டிருந்தால் இன்னும் இரண்டு மாதம் இழுத்திருக்கும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தேன். என் போர்டில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்த பிறகுதான் ஏறியது. 16 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டு, ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். முதல் இருபது நிமிடம் பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. திரும்பி வந்தபோது திரையின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு வரிகள்.

அந்த வரிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் என்ன எழுதினோம், திரும்பப் படித்தபோது என்ன கிடைத்தது என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எழுதியது எட்டு எஃப். கிடைத்ததில் ஏழு எஃப், ஒரே இடத்தில் மட்டும் பி. அடுத்த வரியிலும் அதே இடத்தில் பி. அதற்கடுத்ததிலும் அப்படியே. பதினாறடிமான எண்ணில் எஃப் என்பது 1111, பி என்பது 1011, அதாவது ஒரே ஒரு பிட் ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யமாகிக்கொண்டிருக்கிறது. ரேமின் ஒரு சிறு மூலையில் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் சொட்டும் சில கூடுகள். இத்தனை நாளாக நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

இரண்டில் எது கெட்டது? முகவரியை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டும் டூயல் சானலில் ஓடும்போது தரவு இரண்டிலும் மாறி மாறிப் போகிறது. தனித்தனியாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற பயாஸ் அமைப்பை அணைத்தேன். பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம் அந்த வேகத்தில் ஓட எக்ஸ்எம்பி வேண்டும், அது மின்னழுத்தத்தையும் வழக்கமான 1.2 வோல்ட்டிலிருந்து 1.35க்கு ஏற்றுகிறது. என் பிராசசருக்கு அதிகாரபூர்வ ரேம் வேகமே 2933தான். அதனால் வேகம் தாங்காமல் பிழை வருகிறதோ என்று பார்க்க வேண்டியிருந்தது. அணைத்ததும் பிழைகள் குறைந்தன, நிற்கவில்லை. குறைந்ததை வைத்துச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவது பெரிய தப்பு. மெம்டெஸ்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

ரேம்களில் பேனாவால் 1, 2 என்று எழுதி ஒட்டினேன். பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஏ2 ஸ்லாட்டில் முதலாவதை மட்டும் போட்டு நான்கு சுற்று, சுத்தம். அதே ஸ்லாட்டில் இரண்டாவது, அரை மணிக்குள் சிவப்பு. ஸ்லாட் மேல் பழி வரக்கூடாது என்று இரண்டாவதைப் பி2வில் போட்டேன், அங்கேயும் சிவப்பு, அதே பிட். பிறகு அதன் தங்க முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 288 முனைகளில் ஓரத்தில் சில மங்கிப்போயிருந்தன, உப்புக் காற்றின் வேலை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி போட்டேன். பிழை போகவில்லை. முனை அழுக்காக இருந்தால் பிழை இடம் மாறி மாறி வரும், அல்லது மெஷின் எழும்பவே செய்யாது. ஒரே பிட்டில் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு சிப்புக்குள்.

ரப்பரால் தேய்க்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் எந்த மெக்கானிக்கும் ரேமைக் கழற்றியதும் முதலில் செய்வது அதுதான், பல நேரம் அதிலேயே மெஷின் எழும்பியும் விடுகிறது. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, மணல் கலந்த கடின ரப்பரால் ஒவ்வொரு தடவையும் தேய்த்தால் பூச்சு போய் அடியிலுள்ள உலோகம் வெளியே வந்துவிடும். கடலோர வீட்டில் அப்புறம் அது இன்னும் வேகமாகக் கறுக்கும். ஆல்கஹால் கிடைக்காத அவசரத்தில் மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் ஸ்லாட்டில் போட வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். காலை ஆறு மணிக்கு அறை குளிர்ந்திருக்கும்போது ஓட்டினால் இரண்டாவது ரேம்கூட முதல் சுற்றைத் தாண்டிவிடுகிறது, மதியம் ஓட்டினால் இருபது நிமிடத்தில் விழுகிறது. அதனால் சென்னையில் ரேம் டெஸ்ட்டை ஏசி போட்ட அறையில் ஓட்டி நல்ல சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது, எந்த வெப்பத்தில் மெஷின் ஓடப்போகிறதோ அந்த வெப்பத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கெட்ட முகவரிகளை மட்டும் ஒதுக்கிவிடச் சொல்லி விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் கட்டளை கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் சூடு ஏற ஏறப் பிழைகள் பரவும் ரேமில் அப்படி வேலி போடுவதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா போன் செய்தாள். அப்பாவின் முதல் தெவசம் ஜூன் கடைசியில் வருகிறது, அவர் பேரனின் காதுகுத்தில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாகப் பிரேம் போட வேண்டும், அனுப்பு என்றாள். 2013ல் எடுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் நான் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் கேமரா கார்டுகளிலிருந்தும் குடும்பப் படங்களையெல்லாம் இந்த மெஷினின் புது எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைத் திறந்தேன். அப்பாவின் முகம், தோள், மடியில் பையன் வரைக்கும் சரியாக இருந்தது. பையனின் காலுக்குக் கீழே ஒரு நேர்கோட்டில் படம் இடதுபக்கமாக நகர்ந்து, அங்கிருந்து அடிவரைக்கும் எல்லாம் இளஞ்சிவப்பு.

ஜேபெக் படத்தில் ஒரு பிட் மாறினால் ஏன் பாதிப் படம் போகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. படம் எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறியது என்ற வித்தியாசமாகத்தான் எழுதப்படுகிறது. அந்த வித்தியாசங்களும் நீளம் மாறும் குறியீடுகளில் இருக்கின்றன. நடுவில் ஒரு பிட் தவறினால் அதற்குப் பிறகு எங்கே ஒரு குறியீடு முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதே பிசகிவிடக்கூடும். ஒரு கட்டத்தில் ஏறிய தப்பான நிறம் அதற்கப்புறம் வரும் எல்லாக் கட்டங்களுக்கும் கடனாகப் போகும்.

கோப்பைக் காப்பி செய்யும்போது அது டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராகப் போவதில்லை, முதலில் ரேமுக்கு வந்து, அங்கிருந்துதான் எழுதப்படுகிறது. அந்தச் சில நொடியில் பழுதான கூட்டில் உட்கார்ந்திருந்த கோப்பு பழுதோடேயே எஸ்எஸ்டியில் பதிந்துவிட்டது. சர்வர்களில் இருக்கும் ஈசிசி ரேம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்திவிடும். வீட்டு மெஷின்களில் நாம் போடும் ரேமில் பெரும்பாலும் அது இல்லை, எச்சரிக்கைகூட வராது. கார்டு கெட்டால் திரை கெடும், பார்த்ததும் தெரிந்துவிடும். ரேம் கெட்டால் நாம் பார்க்காத இடத்தில் கோப்புகள் கெட்டுக்கொண்டே இருக்கும். "எப்பவாவது ஹேங் ஆகுது, ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் ஓட்டுபவர்களிடம் நான் இப்போது கெஞ்சாத குறையாகச் சொல்வது இதுதான்: இன்று ராத்திரியே ஒரு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள்.

அன்றே இரண்டாவது ரேமைக் கழற்றி வைத்தேன். வாரண்டி இருந்தது, 2020 பில் மின்னஞ்சலில் கிடைத்தது, சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு 8 ஜிபியோடு ஓட்டினேன். நீலத்திரை அதோடு நின்றது, ஒரு வாரம் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. நிம்மதியாகக் கார்டைத் திரும்பப் போட்டேன். பையனை உட்காரவைத்து ஆடச் சொன்னேன். பதினைந்தாவது நிமிடம், "மாமா, கட்டம் வந்துடுச்சு."

முதலில் கரண்ட். கார்டு முழு வேலையில் இருக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 11.9 வோல்ட். 11.4லிருந்து 12.6 வரை இருக்கலாம் என்பது வரையறை, அதனால் பிரச்சினை இல்லை. 8 பின் கனெக்டரில் பழுப்பு நிறமோ உருகிய வாடையோ இல்லை. அப்புறம் மெம்டெஸ்ட் வல்கன் என்ற கருவி. இது மெஷினின் ரேமை விட்டுவிட்டுக் கார்டிலுள்ள 6 ஜிபியை எழுதிப் படித்துச் சோதிக்கும். எட்டாவது நிமிடம் பிழைகள் கொட்டின. கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னரில் கார்டு நினைவகத்தின் வேகத்தை 500 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஓட்டினால் பிழை இல்லை. மெதுவாக ஓடினால் தாங்குகிறது, சூடேறினால் விழுகிறது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட், கோரின் (கார்டின் முக்கியச் சிப்பின்) வெப்பத்தை 70க்குச் சற்று மேலே என்று காட்டியது, அது சாதாரணம்தான். ஆனால் என் கார்டில் நினைவகச் சிப்புகளின் வெப்பத்தை அது காட்டுவதில்லை. கோர் குளிர்ந்திருக்கிறது என்பதால் சிப்புகளும் குளிர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கார்டைப் பிரித்தேன். பின்பக்க ஸ்குருக்களில் இரண்டு துருப்பிடித்து அசையவில்லை, சரியான அளவு ஸ்குருடிரைவரால் நன்றாக அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டியிருந்தது. ஃபேன் வயரை அதன் பிளாஸ்டிக் தலையைப் பிடித்துக் கழற்றிவிட்டு சூட்டை உறிஞ்சும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கைத் தூக்கினால், கோர் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்குப் பொருக்காக இருந்தது. சுற்றிலும் ஆறு நினைவகச் சிப்புகள். நாலின் மேல், சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேட் எண்ணெய் கக்கி இறுகிக் கிடந்தது. ஐந்தாவதில் பேட் இரண்டாகக் கிழிந்து பாதிச் சிப்பு வெறுமையாகத் தெரிந்தது. ஆறாவதில் பேட் வேறு நிறம், அளவிலும் சின்னது, மூலையில் ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் யாரோ பிரித்து, கிடைத்ததை வைத்து மூடியிருக்கிறார்கள். விற்பவர் வாய்ச்சொல்லைவிட ஸ்குருவின் தலையைப் பார்ப்பது மேல் என்று செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்குபவர்களுக்குச் சொல்வேன்: தலை தேய்ந்திருந்தால் கார்டு ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை காலை பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். பேஸ்ட் உடனே கிடைத்தது. பேட் கேட்ட கடையில், "எத்தனை எம்எம் சார்?" என்றார்.

"ஒண்ணரை இருக்கும்னு நினைக்கிறேன் அண்ணே."

"நினைச்சு வாங்காதீங்க சார். பழசைக் கொண்டாந்தீங்களா?"

கொண்டுபோகவில்லை. அவர் ஒன்றரையிலும் ஒன்றிலும் ஒவ்வொரு ஷீட் கொடுத்து, பயன்படுத்தாததைக் கவர் பிரிக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். அவர் எச்சரித்தும் நான் வீட்டுக்கு வந்து ஒன்றரையைத்தான் வெட்டிப் போட்டேன், தடிமனாக இருந்தால் நன்றாக அழுந்தும் என்ற எண்ணம். மெஷினைப் போட்டு டெஸ்ட் ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே கோர் வெப்பம் 88ஐத் தொட்டு ஏறிக்கொண்டே போனது. உடனே நிறுத்திப் பிரித்தேன். கோரின் மேல் வைத்த பேஸ்ட் ஒரு மூலையில் மட்டும்தான் ஹீட்சிங்க்கில் ஒட்டியிருந்தது, மீதி வைத்தபடியே பளபளவென்று நின்றது. தடித்த பேட்கள் ஆறும் சேர்ந்து ஹீட்சிங்க்கைத் தூக்கிப் பிடித்துவிட்டன, அது கோரைத் தொடவே இல்லை.

பழைய பேட்டில் சிப்பின் அழுத்தம் விழாத ஓரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர். நசுங்கிய நடுப்பகுதியை அளந்தால் தப்பாகக் காட்டும், ஓரத்தைத்தான் அளக்க வேண்டும். ஒன்றை வெட்டிப் போட்டு, கோரைச் சுற்றிய நாலு ஸ்குருக்களையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி மூடினேன். ஒரே மூலையை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கோரின் விளிம்பு உடைய வாய்ப்புண்டு.

கோர் 66க்கு மேல் போகவில்லை. மெம்டெஸ்ட் வல்கன் மதிய வெயிலில், ஃபேன் மட்டும் ஓடும் அறையில், முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடியது. பிழை இல்லை. கார்டை அடுப்பு அவனில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிச் சரியானதாகத் தெரிவது பெரும்பாலும் சில நாள் கூத்துதான், அதன் புகை படிந்த அவனில் மறுபடி சமைக்கவும் கூடாது. சிப்பே செத்திருந்தால் பேட் மாற்றியும் பயன் இருந்திருக்காது, ரீபாலிங் (சிப்பைக் கழற்றி மறுபடி பற்றவைப்பது) தெரிந்தவரிடம்தான் போயிருக்க வேண்டும். என் கார்டு அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றது.

ஜூன் மூன்றாம் வாரம் புது ரேம் வந்தது. வந்ததும் அதைத் தனியாக நான்கு சுற்று, பிறகு இரண்டையும் சேர்த்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம். எக்ஸ்எம்பியில் 3200க்குத் திரும்பாமல் 2933லேயே வைத்துவிட்டேன், வீட்டு வேலைக்கு அந்த வித்தியாசம் தெரியவே இல்லை.

மிச்சம் படங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தேன், அது பெரிய புண்ணியம். அதிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எஸ்டியிலுள்ள அதன் பிரதிக்கும் எஸ்எச்ஏ256 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) எடுத்து ஒப்பிட்டேன். ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும், படத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களில் 37 பொருந்தவில்லை. அவற்றில் பலவற்றைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை, உற்றுப் பார்த்தால்தான் வானத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் மெல்லிய கறை. ஹாஷ் இல்லாமல் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். 37ஐயும் நல்ல ரேமோடு மறுபடி காப்பி செய்து, மறுபடி ஒப்பிட்டேன், எல்லாம் பொருந்தியது.

காதுகுத்துப் படம் அந்த 37ல் இல்லை. அது கேமரா கார்டிலிருந்து வந்தது. மாற்றி முடித்த அன்றே அந்தக் கார்டை நான் ஃபார்மேட் செய்து அக்கா மகனிடம் பள்ளி விழாவுக்குக் கொடுத்திருந்தேன். அவன் அதில் நானூறு படம் எடுத்து நிரப்பியிருந்தான். ரெக்கவரி கருவியால் தேடினேன், வரவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சின்ன அத்தைக்கு அந்தக் காலத்தில் மெயிலில் ஏதோ அனுப்பின ஞாபகம் என்றாள். மறுநாள் காலை சின்ன அத்தை மகளிடமிருந்து வந்தது, அளவு சுருக்கிய பிரதி, அகலம் 1024 புள்ளிதான். பெரிதாக்கினால் கொஞ்சம் மங்கும். அப்பாவின் வேட்டிக் கரையும், கீழே பாயில் கழற்றி வைத்த பையனின் கொலுசும் அதில் முழுதாக இருந்தன. எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அதையே பிரிண்ட் போடக் கொடுத்தோம்.